என் கணவரின் நீர்மூழ்கியும் நான் பூசிய துருவும்

டிக்கோயாவில் எங்கள் வீட்டின் முன் அறைதான் என் அழகு நிலையம். புருவம் திருத்துவது, முடி வெட்டுவது, முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரம் என்று ஓடிக்கொண்டிருக்கும் தொழில். பின் அறையில் என் கணவர் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று, அரம் தேய்க்கும் சத்தம் கேட்டு யாராவது விசாரித்தால் "குழாய் வேல நடக்குது" என்பேன். அது முழுப் பொய்யும் இல்லை. கப்பலின் உடம்பு, கூரைத் தண்ணீர் இறங்குவதற்குப் போடும் பிளாஸ்டிக் குழாய்தான். என் கை நீளம் இருக்கும்.

அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கிறவர். அக்கரப்பத்தனையில் பிறந்து வளர்ந்தவர். கடலைக் கிட்டத்தில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகு, நீர்கொழும்பில் என் அக்கா வீட்டுக்குப் போனபோதுதான். முழங்கால் அளவு தண்ணீரில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "மேல பாக்க ஒன்னுமில்ல, எல்லாம் உள்ளதான் இருக்கும் போல" என்றார். அந்த எண்ணம் அவரை விடவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில், எங்கோ வெளிநாட்டில் ஒருவர் குளத்தங்கரையில் நின்று ரிமோட்டால் சின்ன நீர்மூழ்கி ஓட்டுகிற வீடியோ அவர் போனில் வந்தது. சோற்றைப் பிசைந்த கையோடு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இதில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். முதலில் குழாய் விற்றார், பிறகு ஆலோசனை சொன்னார், கடைசியில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பின் அறைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். அவருக்கு இருந்தது ஒரே சந்தேகம்.

"தம்பி, முங்குனா திரும்பி வருமா?"

வரும் என்று என் கணவர் விளக்கினார். கப்பலின் எடை, அது தானாக முங்குவதற்கு வேண்டிய எடையைவிட ஒரு துளி குறைவாகவே இருக்கும். ஓடும்போது பக்கத்துத் துடுப்புகளைச் சாய்த்தால் மூக்கைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். மோட்டார் நின்றால் தானாக மேலே வந்துவிடும். இந்தக் காலத்து ரிமோட்டுகளின் சிக்னல் தண்ணீருக்குள் போகாது என்று தெரிந்ததும், நீளமான ஏரியல் வைத்த பழைய ரிமோட் ஒன்றை நானாதான் யார் வீட்டுப் பரணிலிருந்தோ தேடிக் கொண்டு வந்தார்.

மின்சாமான்களை எல்லாம் கடைகளில் மிட்டாய் போட்டு வைக்கும் முட்டாசி போத்தல் ஒன்றுக்குள் அடைத்து, போத்தலைக் குழாய்க்குள் செருகினார்கள். என் பஞ்சுப் பொதியிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளே வைத்து, தண்ணீர்ப் பீப்பாயில் அமுக்கிப் பார்ப்பார்கள். பஞ்சு நனைந்திருந்தால் ஒழுகுகிறது என்று அர்த்தம். பல வாரங்கள் பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது. மோட்டாரின் தண்டு வெளியே வரும் துளையில்தான் ஒழுக்கு என்று கண்டுபிடித்து, அங்கே ஒரு பித்தளைக் குழாயைப் பொருத்தி அதற்குள் கிரீஸை அடைத்தார்கள். பஞ்சு காய்ந்து வந்த அன்று இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். அடுத்த நிமிடமே கப்பல் செத்த மீனைப் போலப் பக்கவாட்டில் சரிந்தது. ஈயக் கட்டிகளை அடிவயிற்றுக்கு மாற்றிய பிறகுதான் நிமிர்ந்தது.

கறுப்புப் பெயின்ட் அடித்துக் காய வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் கணவரின் முகம் வாடிவிட்டது.

"கடலுக்குள்ள மாசக்கணக்கா கெடந்த கப்பல் மாதிரியா இருக்கு? கடையில இருந்து இப்பத்தான் வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு. நீ கொஞ்சம் பழசாக்கித் தாயேன்."

முகத்தில் இருக்கும் வயதை மறைப்பது என் தொழில். புத்தம் புதிய சாமானைப் பழசாக்கு என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஆனாலும் ஆசை வந்தது. ஸ்பொஞ்சும் பிரஷும் எடுத்து, காவி நிறத்தைக் கரைத்து, இரண்டு பக்கமும் அளவெடுத்ததைப் போலக் கோடுகள் இழுத்தேன். மேலே லாக்கரும் அடித்தேன். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பொண்ணழைப்புக்குக் கெளம்புன மாதிரி இருக்கு."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. இரண்டு கன்னமும் ஒன்றுபோல வரவேண்டும் என்று பழகிய கை அது. லாக்கரும் சேர்ந்து, கப்பல் எண்ணெய் கசியும் தொதல் இனிப்புத் துண்டு மாதிரி மினுங்கியது.

அந்த வாரம் ஒரு தோட்டத்துக்கு மணப்பெண் அலங்காரத்துக்காகப் போயிருந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் ஒன்றின் வாசலில் ஒதுங்கி நின்றேன். எதிரே இருந்த லயத்தின் கூரைத் தகரம் கண்ணில் பட்டது. பிறந்ததிலிருந்து பார்த்த தகரம்தான். அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். துரு எல்லா இடத்திலும் ஒரேபோல வரவில்லை. ஆணி அடித்த துளையில் தொடங்குகிறது, தண்ணீர் ஓடும் வழியில் இறங்குகிறது, இறங்க இறங்க மெலிந்து ஒரு மஞ்சள் கறையாக முடிகிறது. தகரத்தின் ஓரம் கறுத்திருக்கிறது, நடுவில் வெயில் குடித்து வெளுத்திருக்கிறது. போனை எடுத்து ஒவ்வொரு கூரையாகப் படம் பிடிக்கத் தொடங்கினேன். லயத்திலிருந்து ஓர் அக்கா வெளியே வந்தார்.

"புது வீட்டுத் திட்டத்துக்கா மிஸ் படம் புடிக்கிறீங்க? எங்க கூரையையும் எடுங்க, அதுதான் ரொம்ப மோசம்."

இல்லை அக்கா, ஒரு கப்பலுக்கு என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அப்படியும் தன் கூரையைக் காட்டினார். உண்மையிலேயே அதுதான் மிக மோசமாக இருந்தது. அந்தப் படம்தான் எனக்கு அதிகம் உதவியது. அதற்காகச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பழைய பூச்சைச் சுரண்டி எடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு துளைக்கும், ஒவ்வொரு மூட்டுக்கும், இங்கே தண்ணீர் எப்படி ஓடும் என்று யோசித்து யோசித்துப் பூசினேன். பூசியதில் பாதியைத் தின்னர் தொட்ட துணியால் கீழ்நோக்கித் துடைத்தேன். தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் பாசிப் பச்சை, அதற்கு மேல் உப்புப் பூத்த வெள்ளை. ஓரங்களில் மட்டும் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிவதைப் போல ஒரு வெள்ளிப் பொட்டு. வெளுத்த இடங்களுக்குக் கண்ணிமைப் பவுடர். கடைசியில் நானா கொடுத்த மினுக்கமில்லாத லாக்கர். முடிந்ததும் என் கணவர் அதைத் தொட்டுவிட்டு விரலைத் திருப்பிப் பார்த்தார், துரு ஒட்டியிருக்கிறதா என்று. அதற்கு மேல் எனக்கு எந்தப் பாராட்டும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் காசல்ரி நீர்த்தேக்கத்துக்குப் போனோம். நல்ல வெயில். கப்பல் கரையை விட்டுப் போய், மூக்கைச் சாய்த்து, சத்தமில்லாமல் முங்கியது. பச்சைத் தண்ணீருக்குள் ஒரு நிழல் நகர்ந்தது. பிறகு மெல்லத் தலையைத் தூக்கியது. நானா கைதட்டினார். என் கணவரின் முகத்தில் காதுவரை சிரிப்பு. இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று ஓட்டிக்கொண்டிருந்தபோது மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கியது. எங்கள் ஊரில் அது சொல்லிவிட்டு வருவதில்லை. எதிர்க்கரை மறைந்தது, பிறகு தண்ணீரும் மறைந்தது. என் கணவர் கண் தெரியாமல் ரிமோட்டை இயக்கிக்கொண்டே நின்றார். நாங்கள் நனைந்து நடுங்கும்வரை நின்றோம். கப்பல் வரவில்லை.

"மோட்டார் நின்னாத்தான் மேல வந்திருமே தம்பி" என்று நானா தேற்றினார். மேலே வந்தாலும் எங்கே என்று தேடுவது?

மறுநாள் என் கணவர் வேலைக்குப் போனார். நான் கடையைத் திறந்தேன். கல்யாணம் நெருங்கியிருந்த ஒரு டீச்சர் புருவம் திருத்த வந்திருந்தார். ஒரு புருவம் முடிந்திருந்தது. அவர் போனில் ஒரு படம் வந்தது.

"ஐயோ அக்கா, இங்க பாருங்க. டேம் கரையில குண்டு ஒன்னு கெடக்குதாம். பழைய காலத்து குண்டாம். பொலிஸ்லாம் வந்திருக்காங்களாம்."

சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. ஆனால் அந்தத் துரு எனக்குத் தெரியாதா? லயத்து அக்காவின் கூரையில் பார்த்து நான் இழுத்த கறை அது. புருவம் எடுக்கும் நூலைக் கீழே போட்டேன். கணவருக்குப் போன் எடுத்து ரிமோட்டோடு வரச் சொல்லிவிட்டு, அலங்காரப் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். டீச்சரும் ஒற்றைப் புருவத்தோடு பக்கத்தில் ஏறிக்கொண்டார். என்னைத் தனியாகப் போகவிட்டால் மற்றதை யார் செய்வது என்று கேட்டார்.

எதிர்க்கரையில் ஒரு கூட்டமே நின்றது. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் வழியில் அதைக் கண்ட பெண்கள் கூடையோடு தள்ளி நின்றார்கள். கயிறு கட்டியிருந்தார்கள். குண்டு எடுக்கும் ஆட்கள் வரும்வரை யாரும் கிட்டே போகக்கூடாது என்று சார்ஜன்ட் கையைக் காட்டினார். போர் நடந்த இந்த நாட்டில், ரிமோட்டும் பெட்டரியும் வைத்த குழாய் என்னுடையது என்று ஒரு தமிழ்ப் பெண் பொலிஸிடம் போய்ச் சொல்வது சின்னக் காரியம் இல்லை. ஆனாலும் சிங்களத்தில் சொன்னேன்: அது என் கணவர் கட்டிய விளையாட்டுக் கப்பல், அதில் தெரிவது துரு இல்லை, பெயின்ட், அதை நான்தான் பூசினேன்.

அவர் நம்பவில்லை. தானே கிட்டே போய்ப் பார்த்ததாகவும், அது நிஜத் துருதான் என்றும், துரு தெரியாத ஆள் தான் இல்லை என்றும் அடித்துச் சொன்னார். பயத்துக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கொழுந்துப் பெண் ஒருத்தியிடம் அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி மூடியைக் கேட்டு வாங்கினேன். வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி. பையைத் திறந்து, காவியும் பழுப்புமான பவுடரைத் தண்ணீரில் குழைத்து, ஒரு மூலையில் பொட்டு வைத்து, விரலால் கீழே இழுத்து, ஓரத்தைக் கறுப்பாக்கினேன். சார்ஜன்ட் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டமும் நெருங்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் மூடியில் ஓர் ஆணித் துளையும் அதிலிருந்து வழிந்த பல வருடத்துத் துருவும் வந்துவிட்டன. சார்ஜன்ட் மூடியைக் கையில் வாங்கி நகத்தால் சுரண்டினார். அடியில் வெள்ளை தெரிந்தது. முதல் தடவையாகச் சிரித்தார்.

மூடிக்குச் சொந்தக்காரி சிரிக்கவில்லை. "நல்லா இருந்த மூடிய இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றாள். துடைத்துக் கொடுத்தேன்.

அதற்குள் என் கணவர் மூச்சிரைக்க வந்துசேர்ந்தார். சார்ஜன்ட் சம்மதித்ததும் தூரத்திலிருந்தே ரிமோட்டை இயக்கினார். பாசி சுற்றிய விசிறி ஒரு தடவை உதறிக்கொண்டு சுற்றியது. பிறகு என் கணவர் கிட்டே போய், போத்தலைத் திறந்து உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் காட்டினார். வரவிருந்த ஆட்களை வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு, இனி இதை விடுவதென்றால் முன்கூட்டியே பொலிஸில் அறிவிக்க வேண்டும் என்று சார்ஜன்ட் கண்டிப்பாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது நிஜமாகவே முங்குமா என்று கேட்டார்.

முங்கிக் காட்டியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் தண்ணீருக்குள் போய், யாரும் எதிர்பாராத இடத்தில் தலை தூக்கியது. கொழுந்துப் பெண்கள் கைதட்டினார்கள். கங்காணி வந்து விரட்டும்வரை யாரும் நகரவில்லை. கரையிலேயே ஒரு கல்லில் உட்கார வைத்து டீச்சரின் மற்றப் புருவத்தை முடித்தேன்.

கதை ஊரெல்லாம் பரவியது. இப்போது மாதா கோயிலில் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகம் போடும் பொடியன்மார், உரோமைப் படைவீரர்களின் அட்டைக் கவசங்களைப் பழசாக்கித் தரச் சொல்லி முன் அறை நிறையக் குவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தலைமுடி வெட்ட வருகிறவர்கள் அவற்றைத் தாண்டித்தான் நாற்காலிக்குப் போகவேண்டும். பின் அறையில் நானாவும் அவரும் அடுத்த கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது இதைவிடப் பெரிதாக இருக்குமாம். எங்கே வைப்பது என்று இன்னும் யாரும் என்னிடம் கேட்கவில்லை.