பம்பரைத் தொட்ட கைகள்

என் கணவரின் அண்ணனை, அவர் நானா என்று கூப்பிடுகிறவரை, நான் மன்னித்துவிட்டதாக ஊரில் யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நோன்புப் பெருநாளன்று அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வட்டிலப்பம் கொடுத்தேன், சாப்பிட்டுப் போனார். வட்டிலப்பம் கொடுப்பது வேறு, மன்னிப்பது வேறு.

நான் சின்ன பஸ் செய்கிறவள். கடையில் விற்கிற விளையாட்டுச் சாமானைச் சொல்லவில்லை. பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, ஒட்டி, சீட்டும் ஜன்னலும் மிதிபலகையும் அளவு பிசகாமல் செய்து, றோட்டில் ஓடுகிற பஸ்ஸை ஒரு முழத்துக்குள் கொண்டுவருகிற வேலை. மருதமுனையில் என்னுடைய சீதன வீட்டின் பின்னறையில் இருந்து செய்கிறேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து குடியேறுவார். ஆகையால் என் பின்னறையில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை. கேட்டவர் நானா ஒருவர்தான்.

"பொம்புளைக்கி என்னத்துக்கு மதினி பஸ்ஸு? கேக் அடிக்கப் பழகலாமே."

என் வீட்டுக் கதிரையில் இருந்து, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு கேட்டார்.

பஸ் செய்வதில் மற்றதெல்லாம் பொறுமை இருந்தால் வந்துவிடும். உயிரை வாங்குவது குரோம். பம்பர், முன்பக்கத்துக் கிறில், சில்லு மூடி, பக்கக் கண்ணாடியின் முதுகு எல்லாம் குரோம். வெள்ளிப் பெயின்ற் அடித்தால் கேற்றுக்கு அடித்த மாதிரி இருக்கும், பஸ் பொய்யென்று பார்த்த உடனே தெரிந்துவிடும். உண்மையான குரோமுக்குச் சொந்த நிறம் கிடையாது, எதிரில் நிற்பதைத்தான் அது காட்டும். அதற்கு முதலில் கறுப்பு அடிக்கவேண்டும். அந்தக் கறுப்பில் நம் முகம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் மேலே எதைப் பூசினாலும் சாம்பல்தான். பக்கத்து வீட்டில் கைத்தறி ஓடுகிறது. நூல் தும்பு பறந்து வந்து ஈரக் கறுப்பில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே தூசி எழும்பாமல் குளியலறைத் தரையில் தண்ணீரை ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு அங்கேதான் அடிப்பேன். கறுப்பு நன்றாக இறுகிய பிறகு, காற்றில் பூசும் சின்னப் பேனாவால் குரோம் மையை மூச்சு விட்ட மாதிரி மெல்லிசாக விடவேண்டும். கொஞ்சம் கூடினாலும் மங்கிப் போகும்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கைப்பேசியில் வெளிநாட்டுக்காரர்கள் செய்வதைப் பார்த்து, கல்யாண வீடுகளில் ஐஸ்கிரீமுக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் கரண்டிகளில் பூசிப் பூசிப் பழகினேன். ஒரு வெள்ளிக்கிழமை, முதன்முதலாகக் கண்ணாடி போல வந்த ஒரு கரண்டியை ஜும்ஆ முடிந்து வந்த என் கணவர் ஆசையாகக் கையில் எடுத்தார். அத்தர் பூசிய கை. விரல் பட்ட இடமெல்லாம் குரோம் கரைந்து கீழே இருந்த கறுப்புத் தெரிந்தது. அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை. மேலே வார்னிஷ் அடித்தால் இந்தக் கரைச்சல் இல்லை, ஆனால் மினுக்கம் ஒரு படி இறங்கிவிடும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம்.

கல்முனையில் பல பஸ்களுக்கு முதலாளியான ஒரு ஹாஜியார் இருக்கிறார். அவர் முதன்முதலில் வாங்கி ஓட்டிய பஸ் இப்போது இல்லை. பழைய படங்களைத் தேடிப் பிடித்து அந்தப் பஸ்ஸைத்தான் நான் முதலில் முழுதாகச் செய்து முடித்தேன். வார்னிஷும் அடித்தேன். நானா ஹாஜியாரிடம்தான் மனேஜராக இருக்கிறார். வந்து பார்த்தவருக்குக் கண் விரிந்துவிட்டது.

"ஹாஜியாருக்குக் காட்டிட்டு அந்திக்கித் தாறன் மதினி."

அந்தி வந்தது, பஸ் வரவில்லை. முகநூலில்தான் கண்டேன். நானா பஸ்ஸை நீட்டுகிறார், ஹாஜியார் கண் கலங்கி வாங்குகிறார். கீழே ஊர் முழுக்க "மாஷா அல்லாஹ், என்ன கைவேல!" என்று எழுதியிருக்கிறது. அதற்கு நானா, "பொழுதுபோக்காச் செய்ததுதான்" என்று பணிவாகப் பதில் போட்டிருக்கிறார். பஸ் போனது போகட்டும், என் கையை அல்லவா அவர் தன்னுடைய கை என்று சொல்லிவிட்டார்.

"விடு புள்ள, நானாதானே" என்றார் என் கணவர்.

"ஓம், உங்களுக்கு நானாதான். எனக்கு ஆரு?" என்றேன். அவர் எழும்பி வெளியே போனார்.

சில மாதங்களுக்குப் பிறகு ஹாஜியார் புது பஸ் ஒன்று எடுத்தார். அதையும் சின்னதாகச் செய்து தரும்படி நானாவிடமே கேட்டிருக்கிறார். அவரால் பலகை ஒன்றைக்கூட நேராக அறுக்க முடியாது. என்னிடம் வந்து நின்றார்.

"மதினி, இன்னொண்டு வேணும். புது பஸ்ஸுக்கு மௌலூது ஓதிச் சோறு குடுக்கிற அண்டைக்கி எல்லாருக்கும் முன்னால குடுக்கணும்."

"செய்யலாம் மச்சான். ஆரு செஞ்ச எண்டு சொல்லுவீங்க?"

சிரித்தார். "அதென்ன கேள்வி? எல்லாம் ஒரே குடும்பந்தானே."

அந்தச் சிரிப்பிலே அவருடைய விதி எழுதப்பட்டது. தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பஸ்ஸுக்கு வந்த குரோம் போல எனக்கு இதற்கு முன் வந்ததில்லை. பம்பரில் குளியலறை பல்ப் தெரிந்தது, கதவுக் கொக்கி தெரிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் முகமும் தெரிந்தது. வார்னிஷ் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை.

கொடுக்கும்போது தெளிவாகவே சொன்னேன். "குரோமைக் கையால தொடாதீங்க மச்சான். கீழ்ப் பலகையப் புடிச்சித் தூக்குங்க. மத்தவங்களையும் தொட உடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றார். என்னிடமிருந்து ஒரு சொல்லைக் கேட்டு நடந்தால் அவருடைய ஆண்மைக்கு என்ன ஆவது! அத்தரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மௌலூது ஹாஜியார் வீட்டில். பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் துணித்திரை. நான் திரையோரமாக இடம் பிடித்தேன். எல்லோரும் எழுந்து நின்று ஸலவாத் ஓதும்போது வழக்கம்போல ஒருவர் அத்தர்ப் போத்தலோடு சுற்றி வந்து எல்லோருடைய கைகளிலும் பூசிவிட்டுப் போனார். ஓதி முடிந்து துஆவும் கேட்டாயிற்று. சோறு வைக்குமுன் நானா தொண்டையைச் செருமிக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

சபை வாயைப் பிளந்தது. ஹாஜியார் பம்பரில் பிடித்தே தூக்கினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கிறிலைத் தடவினார். அப்படியே கை மாறி மாறி வரிசை முழுக்கப் போயிற்று. "தொடாதீங்க" என்று நானா ஒரு தரமாவது சொல்வார் என்று பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாழ்த்து வாங்கிக்கொண்டிருந்தார்.

பஸ் திரும்பி ஹாஜியாரிடம் வந்தபோது பம்பர் கருவாடு போலக் கறுத்திருந்தது. கிறிலில் ஆளாளின் விரல் அடையாளம். ஒருவருடைய வெள்ளைச் சேட்டில் வெள்ளி ஒட்டியிருந்தது.

"என்ன மகன் இது? கழருதே!" என்றார் ஹாஜியார்.

நானாவின் முகத்தில் இரத்தம் இல்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே குளிர்ந்தது.

"இது நான் செய்யல்ல ஹாஜியார். தம்பிட பொஞ்சாதி செஞ்சது" என்றார் அவர், சபைக்கே கேட்கும்படி.

"அப்ப முந்தினது?"

"அதும் அவதான்."

நான் ஆசைப்பட்ட சொல் அவருடைய வாயாலேயே வந்துவிட்டது. ஆனால் ஹாஜியார் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பச் சரி. பொம்புளப் புள்ள செஞ்ச சாமான், இவ்வளவு வந்ததே பெரிசு" என்றார். ஆண்கள் பக்கம் சிரித்தது. நானாவும் தப்பித்தோம் என்று சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவா என் வாழ்நாளின் மிக நல்ல குரோமை நான் பலி கொடுத்தேன்? பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, "சும்மா இருகா" என்றாள். நான் இருக்கவில்லை. திரையை ஒட்டி எழும்பி நின்றேன்.

"ஹாஜியார், முந்தித் தந்த பஸ்ஸத் திருப்பி அனுப்புங்க. பொம்புளப் புள்ள செஞ்ச சாமான் உங்கட ஷோகேஸுக்கு என்னத்துக்கு? நாளைக்கே ஆள் அனுப்புறன்."

சிரிப்பு நின்றது. ஹாஜியார் திரைப் பக்கம் திரும்பினார்.

"அது ஏலா மகள்."

"ஏன் ஏலா?"

"அது என்ட முதல் பஸ். பாக்கக்குள்ள அப்படியேதான் இருக்கி. அத ஆருக்கும் குடுக்க மாட்டன்." குரல் தணிந்திருந்தது.

"அப்ப வாற போற ஆக்கள் கேட்டா, செஞ்சது ஆரெண்டு சொல்லுவீங்க?"

"உங்கட பேரத்தான் சொல்லுவன் மகள். வேற ஆருட பேரச் சொல்ற?"

"கேட்டீங்களா மச்சான்?" என்றேன் திரைக்கு இப்பாலிருந்து.