கப்பலில் வந்த தாடியில்லாத மனிதர்

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் புயலில் போய்விட்டார் என்றார்கள். சகோதரிகளே, அன்று நான் பட்ட பாட்டை ரப்பு ஒருவனே அறிவான்.

அது யுத்தகாலம். பூந்தமல்லியில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் என் கணவர் ஹமீது, வேலைக்காக வடக்கே கடலோர ஊர்களுக்குப் போயிருந்தார். அங்கேதான் புயல் அடித்தது. பல நாள் தகவலே இல்லை. அப்புறம் கிராம முன்சீப் ஆள் அனுப்பினார். காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக் கப்பல் பட்டணத்துத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறதாம். அதில் பூந்தமல்லிக்காரர் ஒருவர் இருக்கிறாராம்.

சந்தோஷப்பட வேண்டியவள் பயந்தேன். சிப்பாய்களுக்கான கப்பலை ஏழைகளுக்கு எதற்கு அனுப்பினார்கள்? மயக்க மருந்து கொடுத்துக் கையைக் காலை வெட்டுகிறார்கள், தேறியவனைச் சண்டைக்குப் பிடித்துப் போகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. நான் எல்லாவற்றையும் நம்பினேன். கண்புரை விழுந்த என் மாமுவைக் கூட்டிக்கொண்டு ஜட்காவில் புறப்பட்டேன்.

துறைமுகக் கொட்டகையில் ஒருவரைப் படுக்கையோடு கொண்டுவந்து வைத்தார்கள். முகம் வீங்கி, தாடையைச் சுற்றிக் கட்டு. பேச்சு இல்லை. என் கணவருக்கு இருந்த தாடியும் இல்லை! பூந்தமல்லியா என்று கேட்டதற்குத் தலையாட்டினாராம். காய்ச்சலில் எதைக் கேட்டாலும்தான் தலையாட்டினார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் துப்பட்டியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

"இன்னா புள்ள, ஊட்டுக்காரனைத் தெர்லயா ஒனக்கு?" என்றார் மாமு.

"தாடி எங்க மாமு? இது யாரோ. ஆளை மாத்திட்டாங்க."

கப்பல் சிப்பந்தி பொறுமையிழந்தான். "சாயங்காலம் கப்பல் கெளம்பிடும்மா. உங்க ஆளுன்னா சொல்லு, இங்க ஆஸ்பத்திரியில சேத்துடலாம். இல்லன்னா திரும்ப ஏத்திகினு போயிடுவோம்."

அந்நிய ஆணைக் கணவர் என்று ஏற்றால் பாவம். கணவரை இல்லையென்று அனுப்பினால் அதைவிடக் கொடுமை. குழாயடியில் கைகால் முகம் கழுவி உளூச் செய்து, ஒரு சாக்கை விரித்துத் தொழுதேன். "யா அல்லாஹ், இவர்களை நான் நம்பவில்லை. என் கண்ணையும் நம்பவில்லை. நீயே காட்டிக்கொடு" என்று அழுதேன்.

எழுந்ததும், யாராயிருந்தாலும் நோயாளிதானே என்று தோன்றியது. நான் கொண்டுபோயிருந்த கஞ்சியைப் பித்தளைத் தம்ளரில் ஊற்றி மாமுவிடம் கொடுத்தனுப்பினேன். அந்த மனிதர் உடனே குடிக்கவில்லை. தம்ளரின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஈயம் தேய்ந்திருந்த இடத்தில் நகத்தால் சுரண்டிவிட்டு, வேண்டாம் என்று தள்ளினார்.

கல்யாணமான மறுநாள் என் தாய்வீட்டுச் சீர்ப் பாத்திரங்களை இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்து என் அத்தாவின் மூக்கை அறுத்தார். உலகத்தில் வேறு யார் இந்த நிலைமையிலும் கஞ்சியை விட்டுவிட்டுப் பாத்திரத்தைப் பார்ப்பார்கள்? முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அழுதார்.

புயலில் கூரை ஓடு விழுந்து தாடை கிழிந்து சீழ் வைத்திருந்ததாம். தாடியை மழித்துச் சீழை எடுத்துத் தையல் போட்டதால்தான் உயிர் நின்றது என்று கப்பல் டாக்டர் சொன்னார். யாரைச் சந்தேகப்பட்டேனோ அவர்கள் கையாலேயே ரப்பு எனக்கு அவரை மீட்டுக்கொடுத்தான்.

இன்று எங்கள் தெருவில் எந்தப் பெண் ஆஸ்பத்திரிக்குப் பயந்தாலும் நான்தான் துணைக்குப் போகிறேன். என் சந்தேக புத்தி இன்னும் முழுக்கப் போகவில்லை. மருந்துப் புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். ஆனால் கொடுத்துவிடுவேன்.

சகோதரிகளே, மனசில் சந்தேகம் இருந்தால் அதையும் மறைக்காமல் ரப்பிடம் சொல்லிக் கேளுங்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அன்று நான் கேட்காமல் திரும்பியிருந்தால், உயிரோடிருக்கும் கணவருக்காக வீட்டில் விதவையாய் இத்தா இருந்திருப்பேன்.