அலுமினிய பெயிண்ட் அடித்த விமானம்

ஜெபராஜ் அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி நம் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்குக் கீழே ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். அடுத்தவர் மறுநாள் ஷிப்ட் மாற்றம் உண்டா என்று கேட்டிருந்தார். தூத்துக்குடி துறைமுகத்துக் கிரேன்களை ஆயுள் முழுக்கப் பழுதுபார்த்த மனிதருக்கு நாம் செய்த முதல் மரியாதை அது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

கம்பெனியின் பெரிய அதிகாரி வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அவர் வருகிறார் என்றால் பட்டறையில் அசையாமல் நிற்கும் எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடித்துவிடுவது நம் வழக்கம். அன்று கிரேன் கொக்கிக்குக் கிரீஸ் ஏற்றும் துளையையும் சேர்த்து மஞ்சள் பூசி அடைத்துவிட்டோம். அண்ணாச்சி அதிகாரியின் முன்னாலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைச் சுரண்டினார். பிறகு என்னிடம், "மூஞ்சிக்குப் பவுடர் போட்டா காய்ச்சல் போயிருமாலே?" என்று கேட்டார். அன்று பிரஷ் பிடித்தவன் நான்தான்.

ஓய்வு பெற்றபின் சாத்தான்குளத்து வீட்டில் அவர் ஒரு மர விமானம் செய்தார். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை வைத்த பழங்காலத்து விமானம். அசலில் எட்டடி இருப்பது இதில் ஓரடி. கப்பலில் இயந்திர பாகங்கள் வரும் பெட்டிகளின் லேசான பலகைதான் மரம். இறக்கைகளுக்கு நடுவே குறுக்குக் கம்பிக்குப் பதில், திரேஸ்புரத்தில் வாங்கிய மீன்பிடித் தங்கூசி நரம்பு. மேலே போர்த்திய துணியை அவர் மனைவி, நம் எல்லோருக்கும் மைனி, வடித்த கஞ்சியில் முக்கி விறைப்பாக்கினார். முதல் இறக்கையின் துணியைக் கரப்பான் தின்றுவிட்டது. மைனியின் கஞ்சி அவ்வளவு ருசி என்று கேலி செய்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

விமானியின் இருக்கையில் தீக்குச்சி அளவுக்கு ஒரு கோல் உண்டு. அதைச் சாய்த்தால் இறக்கை ஓரத்துப் பலகைகளில் ஒரு பக்கம் மேலே போகும், மறுபக்கம் கீழே இறங்கும். அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து எனக்கு அலுக்கவே இல்லை. கீழ் இறக்கையில் ஒன்றுக்கு மட்டும் அவர் துணி போர்த்தவில்லை; உள்ளே குறுக்குச் சட்டங்கள் விலா எலும்பு மாதிரித் தெரிந்தன. ஏன் என்று கேட்டேன்.

"மூடிட்டா உள்ள கள்ளத்தனம் பண்ணிருக்கேனா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? எலும்பு தெரியட்டும்ல," என்றார்.

இரங்கல் கூட்டத்தில் வைப்பதற்காக நம் ஆட்கள் அந்த விமானத்தை மைனியிடம் கேட்டு வாங்கி வந்தார்கள். கூட்டத்துக்கு அதே அதிகாரி வருவதாக இருந்தது. விமானம் வெறும் மரமாக அசிங்கமாகக் கிடக்கிறது, பெயிண்ட் அடித்துவிடலாமா என்று பட்டறையிலிருந்து எனக்குப் போன் வந்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். என்னமும் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மரம், துணி, தங்கூசி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் அலுமினிய பெயிண்ட். திறந்து கிடந்த இறக்கைக்கு மேல் கம்பெனியின் ஸ்டிக்கர். கோல் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. அதிகாரி விரலால் தட்டிப் பார்த்து, தகரமா என்று கேட்டார். இல்லை, மரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் பேசி முடித்ததும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் மைனி என்னிடம் வந்தார்.

"இது அவுக செஞ்சது இல்லையே தம்பி. அவுகளோடத எங்கன வச்சிருக்கீக?"

விமானத்தை யாரிடமும் கேட்காமல் தூக்கி வந்துவிட்டேன். உடைந்த கண்ணாடித் துண்டால் தினமும் கொஞ்சம் சுரண்டுகிறேன். மற்ற இறக்கைகளில் துணி கிழிந்துவிட்டது, திறந்த இறக்கையின் எலும்புகளில் ஏழு பெயிண்டுக்குள்ளிருந்து வெளியே வந்திருக்கின்றன. பெயிண்ட் வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் வரும் இந்தக் குமட்டல்தான் அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது. பட்டறையில் இத்தனை காலம் அது அவர் ஒருவருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. கோல் இன்னும் அசையவில்லை. அசைந்த பிறகுதான் நான் மைனியின் முன்னால் போய் நிற்க முடியும்.