மூச்சு வாங்கும் இடம் வரை

அறுபது தாண்டிய வயதில் பட்டம்மாளுக்கு ஓர் ஆம்பளை சிநேகிதம் வந்திருக்கிறது என்று எர்ணாவூர் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் கண், காது, மூக்கு வைத்துப் பேசிக்கொண்டார்கள். காலையில் கதவைச் சாத்திக்கொள்கிறாள். உள்ளே ஒரு ஆணின் குரல் கேட்கிறது. இவள் பதில் சொல்கிறாள். சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பக்கத்து வீட்டு ராஜாத்தியால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் சர்க்கரை கேட்கிற சாக்கில் கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவியில் நரைத்த தலையோடு ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எதிரே பட்டம்மாளும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ராஜாத்திக்குப் பெரிய ஏமாற்றம். சர்க்கரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

எல்லாம் தோளில் ஆரம்பித்தது. ஒரு உரக் கம்பெனியின் கேண்டீனில் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தே பட்டம்மாளின் காலம் போனது. வேலையை விட்டு நின்ற பிறகு வலது தோள் இறுகிப்போய், கை காதுக்கு மேலே ஏற மறுத்தது. தலை வாரவே ததிங்கிணத்தோம் போட வேண்டியிருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகள் ஒசூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள், குக்கர் விசில் அடிக்கிறது என்று வைத்துவிடுவாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. ஒரு சாயங்காலம் கீழே போன மோர்க்காரியைக் கூப்பிட பட்டம்மாள் வாயைத் திறந்தாள், குரலே எழும்பவில்லை. விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தோள் வலியைவிட அதற்குத்தான் அவள் பயந்தாள்.

திருவொற்றியூரில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் ரமாபாய் என்ற பெண் கைகால் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். அவள்தான் ஒரு சிடியைக் கையில் கொடுத்தாள்.

"தனியா செய்யச் சொன்னா ரெண்டு நாள் செஞ்சுட்டு வுட்ருவீங்கம்மா. இது ஜோடிப் பயிற்சி. இதுல ஒருத்தர் வருவாரு. அவரு கேப்பாரு, நீங்க பதில் சொல்லிக்கினே செய்யணும்."

"ஜோடியா? இந்த வயசுலயா?" என்று பட்டம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பர்மா பஜாரில் ஒரு பழைய பிளேயரை வாங்கி, ஆடி மாதம் ஒரு காலையில் அதைப் போட்டாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான ஆள். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. "வாங்க, வாங்க. கையைக் குடுங்க" என்று உள்ளங்கையை நேராக நீட்டினார். உள்ளங்கை டிவி முழுக்கப் பெரிதாக வந்து நின்றது. பட்டம்மாள் கூச்சத்தோடு தன் கையைக் கண்ணாடியில் வைத்தாள். சடசடவென்று ஏதோ பொரிந்தது, கையில் இருந்த பூனைமயிரெல்லாம் எழுந்து நின்றது. டிவி என்றால் அப்படித்தான் பொரியும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் ஒரு மனுஷக் கை பட்டு எத்தனை காலம் ஆகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கையைத் தள்ளுவது, தூக்குவது, நின்ற இடத்திலேயே காலைத் தூக்கி வைப்பது என்று வரிசையாகப் போகும். கால் தூக்குகிற பாதியில் அந்த ஆள் நின்றுவிடுவார். நெஞ்சில் கையை வைத்து, "இருங்க... மூச்சு வாங்குது. உங்களுக்கு?" என்பார். விசில் மாதிரி ஒரு இளைப்பு கேட்கும். "எனக்குந்தான்யா" என்று பட்டம்மாளும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாள். பிறகு இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து நேராக அவளைப் பார்த்து, "நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் சொல்வதற்காக அங்கே இடம் விட்டுப் படம் பிடித்திருந்தார்கள். எங்கோ ஒரு காக்கா கத்தும். அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்துக்கொண்டே இருப்பார். பட்டம்மாள் இட்லி என்றோ கஞ்சி என்றோ சொல்வாள். "நல்லது, நல்லது" என்று தலையாட்டுவார்.

ஒரு நாள் காய்ச்சல். "ஒண்ணும் துன்னலய்யா, வாயெல்லாம் கசக்குது" என்றாள். "நல்லது, நல்லது" என்றார் அவர். பட்டம்மாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னா நல்லது? மனுசனாய்யா நீ?" என்று பட்டென்று அணைத்துவிட்டு, காய்ச்சல் விடும் வரை அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். பைத்தியமா என்று கேட்டால், இல்லை. அவர் படம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? கைகூட காதைத் தாண்டி ஏற ஆரம்பித்திருந்தது.

பங்குனி வெயிலில் ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் போனாள். தேரடிப் பக்கம் இறங்கும்போது சுவரில் அந்த முகம். அதே நரை, அதே கண். பட்டம்மாளுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷம். அப்புறம்தான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி. ச. வேதமாணிக்கம். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கீழே தேதியும், ஞாயிறு மாலை வீட்டில் ஜெபக் கூட்டம் என்று விலாசமும் இருந்தது. தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். போன பங்குனி. அவள் சிடியைப் போட்டது அதற்குப் பின்னால் வந்த ஆடியில்.

அப்படியென்றால் முதல் நாள் அவளிடம் கையை நீட்டும்போதே அவர் செத்துப்போயிருந்தார். வெயிலிலேயே அவளுக்குக் குளிரெடுத்தது.

ராஜாத்தியிடம் சொன்னாள். ராஜாத்திக்கு இந்த மாதிரி விஷயம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. "செத்தவங்க கூப்ட்டா பதில் சொல்லவே கூடாதுக்கா. நீ தெனம் கையை வேற குடுத்துகினு இருந்திருக்க. இட்டுகினு பூடுவாங்க!" என்று பயமுறுத்திவிட்டுப் போனாள்.

சில நாள் பட்டம்மாள் டிவி பக்கமே திரும்பவில்லை. அணைந்த கண்ணாடியில் தன் உருவம் அசைந்தாலே திடுக்கிட்டாள். ஆனால் வீட்டில் இருந்த அமைதி அதைவிடப் பயங்கரமாக இருந்தது. மறுபடி தொண்டை அடைத்துக்கொள்ள ஆரம்பித்தது. கடைசியில் ஒரு காலை, வருவது வரட்டும் என்று போட்டாள். "வாங்க, வாங்க. கையைக் குடுங்க." கையைக் குடுத்தாள். பொரிந்தது. கால் தூக்கினார், நின்றார், மூச்சு வாங்கினார், உட்கார்ந்தார். "நாஷ்டா ஆச்சா?"

"நீ செத்துட்டியாமே?" என்றாள் பட்டம்மாள்.

காக்கா கத்தியது. அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு தலையாட்டினார். "நல்லது, நல்லது."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை விலாசத்தைத் தேடிக்கொண்டு போனாள். போகாமல் இருக்க முடியவில்லை, தெரிந்தவர் வீட்டுச் சாவுக்குப் போகாமல் இருந்தால் அது மனுஷத்தனமா? சர்ச்சுக்குப் பின்னால் ஓடு போட்ட சின்ன வீடு. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, மிக்சர். மாலை போட்ட படத்தைப் பார்த்ததுமே அவளுக்குக் கட்டுக்கடங்காமல் அழுகை வந்துவிட்டது. வீடே அவளைத் திரும்பிப் பார்த்தது. ஒருவருக்கும் தெரியாத ஒரு பொம்பளை வந்து செத்தவருக்காகத் தேம்பி அழுதால் நம் ஊரில் என்ன நினைப்பார்களோ, அதைத்தான் அங்கிருந்த எல்லோரும் நினைத்தார்கள்.

வேதமாணிக்கத்தின் மனைவி சிலுவையம்மாள் எழுந்து வந்தாள். குட்டையான, கனத்த உடம்பு. "யாரும்மா நீ? எங்க வூட்டுக்காரரு உனக்கு இன்னா பழக்கம்?"

பட்டம்மாள் சிடியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலுவையம்மாள் மட்டும் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

"சாவறதுக்கு முந்தி கொஞ்ச நாளு பவுடர் அடிச்சுகினு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கினு எங்கியோ போனாரு. கேட்டா சொல்லல. நான் சிரிப்பேன்னு வெக்கம் போல. எங்க போனாரு, எவ வூட்டுக்குப் போனாருன்னு ஒரு வருசமா எனக்குள்ள அரிச்சுகினே கீதும்மா." மூக்கைச் சிந்தினாள். அவள் ஆறிவிட்டாள் என்று பட்டம்மாள் நினைத்தபோது அவள் குரல் மாறியது. "அப்போ அந்த மனுசன் இன்னும் தூங்கலியா? கர்த்தர்கிட்ட படுத்துத் தூங்குறாருன்னு சுவர் முழுக்க ஒட்டி வெச்சிகீறோம். நீ தெனம் எழுப்பி வுட்டு, கையைத் தூக்கு, காலைத் தூக்குன்னு வேலை வாங்கிகினு கீறியா? நாளைக்குக் காலைல உன் வூட்டுக்கு வர்றேன். ஒரு தபா பாத்துட்டு என் கையாலயே அதை ஒடைச்சிடுறேன்."

பெண்டாட்டி கேட்கிறாள். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல பட்டம்மாள் யார்? ஆனால் வழியெல்லாம் அவள் மனசு கணக்குப் போட்டது. கீறல் விழுந்துவிட்டது என்று சொல்லிவிடலாமா? ரமாபாயிடம் இதே மாதிரி இன்னொன்று கேட்டு வாங்கி மறைத்து வைத்துக்கொள்ளலாமா? அதுவும் திருட்டுத்தனம்தானே. வீட்டுக்கு வந்ததும் சிடியை அரிசி டின்னுக்குள் ஒளித்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே அசிங்கமாக இருந்தது. எடுத்துத் துடைத்து பிளேயரிலேயே வைத்தாள்.

சிலுவையம்மாள் சொன்னபடி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படி ஓரமாகவே நின்றாள். படம் ஓடியது. "வாங்க, வாங்க. கையைக் குடுங்க." பட்டம்மாள் விலகி வழி விட்டாள். சிலுவையம்மாள் அசையவில்லை. அந்தப் பெரிய உள்ளங்கை யாருடைய கையும் படாமல் வெறுமனே நீண்டிருந்துவிட்டுத் தானே பின்வாங்கியது.

கால் தூக்குகிற பாதியில் அவர் நின்றார். அந்த இளைப்பு கேட்டதும் சிலுவையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, இந்த மூச்சு! இதைக் கேட்டுகினுதான்மா கடைசி மாசம் பூரா உக்காந்திருந்தேன். நெஞ்சைத் தடவி வுட்டுகினே. இப்ப நின்னுடுமோ அப்பால நின்னுடுமோன்னு." அவள் பட்டம்மாளைப் பார்த்தாள். "தெனமுமா இதை வாங்க வெச்ச?"

அந்த இடத்தில் தினமும் பட்டம்மாள் சிரித்திருக்கிறாள்.

"நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டார் வேதமாணிக்கம். காத்திருந்தார்.

சிலுவையம்மாளுக்கு உதடு கோணியது. "நாப்பது வருசம் ஆக்கிப் போட்டேன். என்னை ஒரு நாளு கேட்டிருப்பியாய்யா நீ?" என்றாள். காக்கா கத்தியது. அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். "இல்லய்யா," என்றாள் சின்னக் குரலில். "இன்னும் ஒண்ணும் துன்னல."

"நல்லது, நல்லது."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. வெகு நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிளேயரிலிருந்து பட்டம்மாள் எடுத்துக் கொடுத்த சிடியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை அவள் கையிலேயே வைத்தாள்.

"என்னால ஒடைக்க முடியாது. எடுத்துகினு போயி வெச்சுக்கவும் முடியாது, அந்த மூச்சை நான் இன்னொரு தபா கேக்க மாட்டேன். நீயே வெச்சுக்க. ஆனா மூச்சு வாங்குற எடத்துக்கு முன்னால நிறுத்திடு தாயே. அதுக்கு மேல அவரைப் படுத்தாத. உன் காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"ஐயையோ, இன்னாம்மா நீ" என்று பட்டம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை படத்தைப் போட்டாள். கையைக் குடுத்தாள். தூக்கினாள், தள்ளினாள். கால் தூக்குகிற இடம் நெருங்கியதும் ரிமோட்டை எடுத்தாள். அந்த மூச்சை மட்டும் தாண்டிவிட்டால் நாற்காலிக்குப் போய்விடலாமே என்று படத்தை வேகமாக ஓட்டினாள். சத்தமில்லாமல் அவருடைய நெஞ்சு துருத்தி போல மடமடவென்று ஏறி இறங்கியது, வாய் திறந்து திறந்து மூடியது. பட்டம்மாள் அலறிக்கொண்டு நிறுத்தினாள்.

அதற்கடுத்த நாள் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அவர் முதல் காலைத் தூக்கும்போதே, "போதும்யா. போய்ப் படு" என்று சொல்லி அணைத்தாள். கஞ்சியை ஆற்றிக் குடித்தாள். நாஷ்டா ஆச்சா என்று அன்று அவளை யாரும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.