முதுகில் ஜிப் வைத்த உடுப்பு

ஆறாம் கிளாஸோடு படிப்பை விட்டவன் நான். தி. நகரில் சொந்தமாகப் பாத்திரக்கடை போட்டேன், மாம்பலத்தில் சொந்தமாக ஃபிளாட் வாங்கினேன். எவன் தயவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. கடையை மகனிடம் விட்ட பிறகு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிக்குப் போகப்போகிறேன் என்றேன். என் உடம்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூன்றுக்கும் ஒரே உடுப்பு, உடம்போடு ஒட்டுகிற மாதிரி. ஸ்போர்ட்ஸ் கடையில் இருந்ததிலேயே பெரிய சைஸ் வாங்கினேன். ஜிப் முதுகில் இருந்தது, என் கை எட்டவில்லை. வீட்டுக்காரி இருந்தால் இழுத்துவிட்டிருப்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், மகன் தனிக்குடித்தனம். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ரிடையர்டு வாத்தியார் கதவைத் தட்டினேன்.

"மூச்சை உள்ளே இழுங்கோ. இது டிரஸ்ஸா, தலகாணி உறையா?"

"ஜிப்பை இழுங்க சார், பேச்சு அப்புறம்."

அதிலிருந்து தினமும் காலையில் அவர் ஜிப்பை இழுத்து ஒரு கிண்டல் செய்வார், நான் அடையாறில் இருக்கும் நீச்சல் குளத்துக்குக் கிளம்புவேன். சில நாள் அதற்கு மேல் என்னோடு பேச ஆளே இருக்காது.

மாசக்கணக்கில் அரிசிச் சோற்றைத் தொடவில்லை. தொப்பை கரைந்தது. எவனுக்கு வரும் அந்த வைராக்கியம்? ஒருநாள் கையைப் பின்னால் வளைத்தேன், ஜிப் கைக்கு எட்டியது. ஒரே இழுப்பில் கழுத்துவரை ஏறிவிட்டது. கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வீடு சத்தமில்லாமல் இருந்தது.

ஜிப்பைப் பாதிக்கு இறக்கிவிட்டு, எதிர்வீட்டு பெல்லை அடித்தேன்.

"மூச்சை உள்ளே இழுங்கோ," என்றார் வாத்தியார்.

இழுத்துக்கொண்டேன்.