சுத்துதுங்க மாமா

கம்பைநல்லூரில் மாரப்பன் ஸ்டுடியோ ஆல்பம் என்றால் எல்லோரும் மாரப்பனைத்தான் புகழ்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆள் கல்லாவில் உட்கார்ந்து டீ குடிப்பதோடு சரி. ஆல்பம் முழுக்கச் செய்வது அவருடைய தம்பி பெண்டாட்டி சுமலதா. படத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாமனாருக்கு வேறு படத்திலிருந்து கண்ணைத் திறந்து வைப்பாள். சண்டை போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கே வராத சித்தப்பனைக் கொண்டுவந்து குரூப் போட்டோவில் நிறுத்துவாள். அவள் வீட்டுக்காரன் சிலம்பரசன் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகச் சுற்றுவான். நான் பக்கத்துக் கடையில் பிளவுஸ் தைக்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தட்டி. அங்கே தும்மினால் இங்கே கேட்கும்.

பொழுதுக்கும் எனக்குக் கேட்டது ஒரே பேச்சுதான். "சுத்துதுங்க மாமா."

மாமா என்பது மாரப்பன். சுற்றுவது கம்ப்யூட்டர். அவள் கல்யாணமாகி வருவதற்கு முன்பே வாங்கிய பழசு அது. கல்யாணப் பெண்ணின் முகத்தை வழவழப்பாக்கச் சொல்லி அமுக்கினால் திரையில் ஒரு நீல வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தில் ஒரு பக்கத்தை அவள் சேவ் கொடுத்தால், அது முடிவதற்குள் நான் இரண்டு கைக்கும் ஓரம் அடித்துவிடுவேன். மாரப்பன் பின்னால் வந்து நின்று, "ரெப்ரெஷ் குடு, ரெப்ரெஷ் குடு" என்பார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் பெட்டியின் காற்று ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டக் கூடாதாம், சாமி குத்தமாம். போங்கடா!

"புதுசு ஒண்ணு வாங்கித் தரச் சொல்லக் கூடாதா புள்ள? இந்தக் கொடுமைய எப்பிடித்தான் தாங்கற?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவள் வாயில் விரலை வைத்தாள். கீபோர்டுக்கு அடியிலிருந்து ஒரு தாளை உருவிக் காட்டினாள். குரூப் ஃபோர் பரீட்சை கைடிலிருந்து கிழித்த தாள்.

"இது சுத்தற நேரந்தாங்க்கா என்னோட நேரம்," என்றாள்.

வீட்டில் அவளுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. மாடு கறக்க வேண்டும், அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட வேண்டும், பிள்ளையைக் கிளப்ப வேண்டும். புத்தகத்தைக் கையில் எடுத்தாலே மாமியார், "நம்ம கடை இருக்கறப்ப அடுத்தவங்கிட்டப் போயிக் கைகட்டி நிக்கணுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் கைடு என் லைனிங் துணிக்கு அடியில் இருந்தது. காலையில் வந்ததும் சில தாள்களைக் கிழித்துக் கொடுப்பேன். சாயங்காலம் திருப்பிக் கொடுப்பாள்.

"பாஸ் பண்ணிட்டா ஏரியூர்ல போட்டாலும் போயிருவேங்க்கா. எனக்குன்னு ஒரு ஊரு, ஒரு சம்பளம். இந்தத் தடவ வுட்டா அவ்ளோதான். அடுத்த கொழந்தைய பெத்துக்கச் சொல்லி இப்பவே ஆரம்பிச்சுட்டாங்க."

பரீட்சை நெருங்கியது. ஆவணி முகூர்த்தமும் வந்தது. ஆல்பம் தாமதம் என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். மாரப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே அரூரிலிருந்து மெக்கானிக் வீரமணி வந்தான். படங்களையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றினான், ரேம் கூடுதலாகப் போட்டான். சந்தனத்தையும் கேட்காமலே சுரண்டினான். பழைய டிஸ்க் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது, இனி ஆகாது என்றான். என் கடை வாசலில் உட்கார்ந்து அதை உடைத்து, உள்ளே இருந்த காந்தத்தை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"வெச்சுக்கோங்க்கா, ஊசி பொறுக்க ஆவும்."

அப்பா, என்ன இழுப்பு! தரையில் காட்டினால் சிந்திக் கிடந்த ஊசியெல்லாம் எழுந்து வந்து ஒட்டிக்கொண்டது. எனக்கு ஒரே குஷி.

அன்றைக்கு மத்தியானம் தட்டிக்கு அந்தப் பக்கம் மவுஸ் சத்தம் மட்டும் விடாமல் கேட்டது. அமுக்கினால் முடிந்தது, அமுக்கினால் முடிந்தது. பொறுக்கமாட்டாமல் அவள் ஒருதரம், "சுத்துதுங்க மாமா" என்றாள்.

மாரப்பன் எழுந்து வந்தார். "எங்க சுத்துது? ஜம்முனு நிக்குது. கையில என்னாது அது?"

நான் தட்டிக்கு மேலே தலையை நீட்டினேன். "நான் பஜ்ஜி மடிச்சுக் குடுத்த காயிதமுங்க!"

அவர் அதை வாங்கி, டீ ஒட்டிய கையைத் துடைத்துக் கசக்கிக் குப்பையில் போட்டார். சுமலதா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வேகம் கூடினால் வேலை குறையும் என்று நினைப்போம். நல்லம்பள்ளி ஸ்டுடியோக்காரர்களின் ஆல்பத்தையும் மாரப்பன் வாங்கிக்கொண்டு வந்தார். அப்புறம் அவருக்குப் பெரிய மனசு வந்தது.

"இனிமே எதுக்கும்மா வெயில்ல கடைக்கு வர்ற? வூட்டுலயே வெச்சுத் தர்றேன். சோறு ஆக்கிட்டே பண்ணிரலாம்."

தம்பி பெண்டாட்டியை எப்படித் தாங்குகிறார் பார் என்று தெருவே சொன்னது. அவள் என்ன சொல்லி மறுப்பாள்? மெதுவாக ஓடினால்தான் எனக்கு நல்லது என்றா?

போன வாரம் மாமியாரின் பிளவுஸைக் கொடுக்கிற சாக்கில் போனேன். கைடையும் பையில் போட்டிருந்தேன். அடுப்படிக்கு நேரே கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். குக்கர் விசில் அடித்தது, எழுந்தாள். உட்கார்ந்தாள். மாமியார் கூப்பிட்டார், எழுந்தாள். மாமியார் பிளவுஸைப் போட்டுப் பார்க்க உள்ளே போனதும் கைடைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எப்பங்க்கா படிக்கறது? இது இப்பச் சுத்தவே மாட்டேங்குதே." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பழைய டிஸ்க்கு வீரமணி அண்ணங்கிட்ட இருக்குமா? ஏதாச்சும் ரிப்பேருன்னு சொல்லி அதையே மாட்டித் தரச் சொல்லுங்களேன். பரீட்சை வரைக்குந்தாங்க்கா."

அதை உடைத்து எடுத்த காந்தம் என் பையில்தான் இருந்தது, டேப்புக்கும் கத்திரிக்கும் நடுவில்.

"இருக்கும் புள்ள, கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

கடைக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தேன். கை பட்டு ஊசி டப்பா கவிழ்ந்தது. கீழே குந்தி ஒவ்வொன்றாகக் கையாலேயே பொறுக்கினேன்.