கழுத்தில் மணி கட்டிய மூஸ்

எங்கள் தெருமுனையில் மூஸ் சிலை கிரேனிலிருந்து இறங்கிய அன்று கேப்டன் ஏழுமலை அண்ணன் இருந்தார், நான் உட்பட அவருடைய கிரிக்கெட் டீம் மொத்தமும் இருந்தது, தலையெல்லாம் கல்தூளோடு என் அப்பா இருந்தார். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா இல்லை, கூப்பிட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. மழையில் நனைந்த கருங்கல்லின் வாசனையோடு டீசல் புகை கலந்து மூக்கில் ஏறியது இன்னும் நினைவிருக்கிறது.

மூஸ் என்பது பனி நாட்டு மான். குதிரையை மிஞ்சும் உயரம், விரித்த உள்ளங்கை போன்ற கொம்பு, தாடைக்குக் கீழே தொங்கும் தோல். அங்கே ஊர்களுக்கும் விளையாட்டு அணிகளுக்கும் அதன் பெயரை வைப்பார்களாம், பொது இடங்களில் சிலையாக நிறுத்துவார்களாம். அப்படி ஓர் ஊருக்காக, அப்பா வேலை பார்த்த மாமல்லபுரம் சிற்பக்கூடத்துக்கு ஒரே ஒரு போட்டோவோடு ஆர்டர் வந்தது. நந்தி செதுக்கியே பழகிய கைகள், தாடைக்கடியில் தொங்கியதை மணி என்றே முடிவு செய்து, சங்கிலியோடு வெகு அழகாக ஒரு மணியைச் செதுக்கிவிட்டன. ஆர்டர் கொடுத்தவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். "எட்த்துக்கினு போங்க, எடம் காலியானா போதும்" என்றார் ஓனர் அப்பாவிடம். அப்பா மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. "மணி இல்லாம அது இன்னா மிருகம்?"

"இது மாடா மானா, அண்ணாத்த?" என்று கேட்டான் விக்கெட் கீப்பர் டேவிட்.

"மணி கீது பாரு, அதனால நம்மூர் மாடு. கொம்பு மட்டும் ஃபாரின்" என்ற ஏழுமலை அண்ணன், அங்கேயே டீமுக்கும் மூஸ் என்றே பெயரை வைத்தார்.

பெயருக்காக நாங்கள் ஏங்கியதற்குக் காரணம் இருந்தது. எந்த டோர்னமென்ட்டிலும் மைக்கில் எங்களை "காலனி டீம்" என்றே கூப்பிடுவார்கள். எங்கள் தாத்தாக்கள் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த சொல் அது. சொல்பவருக்கு வெறும் விலாசம், கேட்கும் எங்களுக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும்.

அடுத்து வந்த கோடையில் சதுரங்கப்பட்டினத்தில் நடந்த டோர்னமென்ட்டில் "மூஸ் லெவன்" என்று பெயர் கொடுத்தோம். மைக்கில் பேசியவரோ வழக்கம்போல, "அடுத்து காலனி டீம்" என்றார். ஏழுமலை அண்ணன் பேட்டை மடியில் வைத்துக்கொண்டு பிட்ச்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாபா பேஜாரு பண்ற? பேர்ல இன்னா கீது?" என்றார் மைக்கில் பேசியவர்.

"ஒண்ணும் இல்லன்னா சொல்லேன்."

"இப்ப ஆடலன்னா மேட்ச் அவங்களுக்குப் போய்டும்."

கோடை முழுக்க வெயிலில் காய்ந்து பழகியதெல்லாம் வீணாகிவிடுமே என்று நினைத்தேன். ஆனாலும் மீதிப் பத்துப் பேரும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். கடைசியில் எதிரணிக் கேப்டன், முட்டுக்காட்டில் படகு ஓட்டுபவர், பொறுமையிழந்து கத்தினார்: "சொல்லித் தொலைண்ணே, மண்டை காயுது."

மைக் இருமியது. பிறகு, "மூஸ் லெவன்" என்றது.

அந்த மேட்சில் தோற்றோம். தோற்றவர்கள் போலவா வீடு திரும்பினோம்? தொண்டை கட்டும்வரை அந்தப் பெயரையே கத்திக்கொண்டு வந்தோம்.

இப்போதெல்லாம் மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் மூஸின் கொம்புக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு அதே கொம்பில் ஸ்டார் தொங்குகிறது. ஷேர் ஆட்டோக்காரர்கள் "மூஸ் ஸ்டாப் எறங்கு" என்கிறார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்து வேலைக்குப் போன நான், எந்த இடம் என்று ஆபீஸில் கேட்டவர்களிடம் தயங்காமல் அதையே சொன்னேன். காலனி என்ற அந்தப் பழைய சொல் மைக்கிலும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை. பழையது மறைந்துபோனதென்று பலரும் வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். இது மறைந்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. வண்டி வாடகை, பீடத்துக்குச் சிமென்ட், கொத்தனார் கூலி என்று வீட்டுக்கு வீடு வசூலித்து அதை மறையவைக்க நாங்கள் செய்த மொத்தச் செலவு பதினோராயிரத்து நானூறு ரூபாய்.